பதிவு எண் 3அ

பிழை தொடங்கியது காலை ஆறு ஐந்துக்கு. என் கைபேசியில் அது இன்னும் இருக்கிறது: மகளுக்கு எடுத்த அழைப்பு, இரண்டு நிமிடம் பதினொரு விநாடி. அழிக்க மனம் வரவில்லை.

இதை எழுதும்போது அவள் அடுத்த அறையில் யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சிரிப்பு நின்றால் எழுந்துபோய்க் கதவடியில் நின்று பார்க்கிறேன். "என்னம்மா?" என்கிறாள். "ஒண்டுமில்லை" என்கிறேன். மூன்று கிழமையாக இப்படித்தான் போகிறது. "நீ அவளை எண்ணிக்கொண்டு திரியிறாய். ஒரு பிள்ளைதானே, எத்தினை தரம் எண்ணுவாய்?" என்று கணவர் கேட்கிறார்.

நான் எங்கள் நகரத்துச் சபையில் எழுதுவினைஞர். மழைக்காலத்தில் எங்கள் கந்தோரின் முன்னறை அவசரப் பிரிவாக மாறும். அவசரப் பிரிவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம்: ஒரு தொலைபேசி, சுவரில் ஒரு வரைபடம், பதிவேடாக ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி. அழைப்பு வந்தால் இலக்கம், நேரம், இடம், ஆட்கள், என்ன தேவை என்று கொப்பியில் எழுத வேண்டும். எடுத்த நடவடிக்கையை எழுத ஒவ்வொரு பதிவுக்கும் கீழே ஒரு வரி வெறுமையாக விட வேண்டும். அந்த வெறும் வரி பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மகளுக்கு எடுத்த அந்த அழைப்புக்கு முதல்நாள் மாவட்டச் செயலகத்தில் கூட்டம். எங்கள் செயலாளருடன் குறிப்பெடுக்க நானும் போயிருந்தேன். இப்படியான கூட்டங்களில் பாதி நேரம் எது யாருடையது என்பதிலேயே கழியும். வாய்க்கால், குப்பை, தெருவிளக்கு எங்களுடையவை. பெருந்தெரு இன்னொரு திணைக்களத்துடையது. குளம் நீர்ப்பாசனக்காரருடையது. வீட்டைவிட்டு ஆட்களை எழுப்பும் அதிகாரம் பிரதேச செயலகத்துக்கும் அதன் கீழே கிராம அலுவலருக்கும். கடல் கடற்படைக்கு. "மழை ஆருடையது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்று செயலாளர் என் காதுக்குள் சொன்னார். எங்கள் உழவு இயந்திரம் கடலைக் கடக்கும் தாம்போதித் தெருவைத் தாண்டி நகர எல்லைக்கு வெளியே போவதென்றால் மாவட்டச் செயலகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்பதும் அங்கேதான் முடிவானது.

கூட்டத்தின் கடைசியில் நீர்ப்பாசனக்காரர் குளத்துக் கதவுகளை மறுநாள் பின்னேரம் திறக்க வேண்டி வரலாம் என்றார். வடக்கே போகும் தெரு அதன்பின் மூடப்படலாம். முறைப்படி அறிவிக்கும்வரை வெளியே சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். நான் குறித்துக்கொண்டேன். இரவு முழுக்க அது தலைக்குள் நின்றது. மகள் யாழ்ப்பாணத்தில் படிக்கிறாள். அந்தத் தெருவால்தான் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது.

ஆறு ஐந்துக்கு எடுத்தேன். "இப்பவே வெளிக்கிடு. ஏழு மணி பஸ்ஸைப் பிடி."

"இஞ்ச மழையே இல்லையம்மா. வெள்ளிக்கிழமை வாறன்."

"நான் சபையில இருக்கிறன். எனக்குத் தெரியும். சொன்னதைக் கேள்."

கேட்டாள். ஆனால் மேலே பெய்த மழை கூட்டத்தின் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. காலை எட்டு மணிக்கே வெள்ளம் வயல்களைத் தாண்டித் தெருவில் ஏறத் தொடங்கிவிட்டது.

ஒன்பது பத்துக்கு ஒரு பெண் அழைத்தார். தாம்போதிக்கு அப்பால், அதே வடக்குத் தெருவில் உள்ள பாப்பாமோட்டையில், தெருவால் இறங்கி உள்ளே இருக்கும் வீடு. "என்ர மனிசனுக்கு ஒரு கால் இல்லை. தூக்கி மேசையில இருத்தியிருக்கிறன். நான் தனிய. ஆரையும் அனுப்புங்கோ அக்கா." நான்காம் பதிவாக எழுதினேன். அந்தப் பகுதி அடுத்த சபைக்குரியது. அவர்களின் தொலைபேசி வேலை செய்யாததால் அழைப்புகள் எங்களிடம் வந்துகொண்டிருந்தன.

ஒன்பது ஐம்பதுக்கு என் கைபேசி அடித்தது. மகள்.

"அம்மா, பஸ் நிண்டிட்டுது. பாப்பாமோட்டைக்குக் கிட்ட. முன்னுக்கும் தண்ணி, பின்னுக்கும் தண்ணி."

"உள்ள வருதோ?"

"கீழ்ப் படி வரைக்கும்தான். பயப்பிடாதேங்கோ. போனில சார்ஜ் இல்லை, வைக்கிறன்."

வைத்துவிட்டாள். அதன்பிறகு எத்தனை தரம் எடுத்தும் அந்த இலக்கம் உயிரோடு இல்லை.

அந்த அழைப்பை உடனே கொப்பியில் எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை. கணவருக்கு எடுத்தேன். அவர் ஆசிரியர்; அவருடைய பள்ளிக்கூடத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்கு வகுப்பறைகளைத் திறந்துகொண்டிருந்தார். "நீ ஏன் அவளை வரச் சொன்னனீ?" என்று மட்டும் கேட்டார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கந்தோர்த் தொலைபேசிக்கே எடுக்கத் தொடங்கினார். "இதில எடுக்காதேங்கோ, இது சனத்தின்ர லைன்" என்று கத்தினேன். அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பத்தரைக்கு மாவட்டச் செயலகத்தின் எழுத்து செயலாளரின் கைபேசிக்குப் படமாக வந்தது. எங்கள் உழவு இயந்திரம் எல்லை தாண்டலாம், படகு ஒன்றைப் பொறுப்பேற்கலாம், போகும் இடங்களின் ஒழுங்கை எங்கள் பிரிவே தயாரிக்க வேண்டும்.

படகு தாழ்வுபாட்டு மீனவர் கரையிலிருந்து வந்தது. காற்றால் கடலுக்குப் போகத் தடை, வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏற்றிக் கிடந்தன. வள்ளங்கள் வைத்துத் தொழில் நடத்தும் ஒரு சம்மாட்டியார் தன்னுடைய பிளாஸ்டிக் வள்ளத்தை எங்கள் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு, தானும் ஏறி வந்து இறங்கினார். சட்டப்படி பறித்தெடுக்க எழுத்து இருந்தும் செயலாளர் அவரிடம் கேட்டுத்தான் வாங்கினார்.

"முந்தநாள் கடலுக்குப் போகாதேங்கோ எண்டு ஸ்பீக்கர் கட்டிக் கத்தினதும் நீங்கள்தானே சேர்? இண்டைக்கு வயலுக்க விடச் சொல்லுறியள். வரம்பில தட்டி அடி கிழிஞ்சால்?"

"சபை ஒட்டித் தரும்."

"சபை ஒட்டின றோட்டில வந்துதான் சொல்லுறன், நானே ஒட்டிக்கொள்ளுறன்" என்றார் சம்மாட்டியார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பதினொரு பதிவுகள் ஆகியிருந்தன. பஸ் அதில் இல்லை. உண்மையான நேரப்படி அது ஏழாம் பதிவுக்கும் எட்டாம் பதிவுக்கும் நடுவில் வர வேண்டும். விடுபட்ட பதிவை இடையில் சேர்க்க எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முந்திய இலக்கத்துடன் 'அ' சேர்த்து வெறும் வரியில் எழுதுவோம். நான் 7அ என்று எழுதியிருக்கலாம். 3அ என்று எழுதினேன். நேரம் 9.05 என்று போட்டேன். "பயணிகள் பேருந்து, சுமார் நாற்பது பேர்." நாற்பது பேர் என்பது உண்மை. என் மனதில் ஒருத்திதான் இருந்தாள்.

பட்டியல் பதிவு இலக்கப்படிதான் எழுதப்படும்; முதல் மூன்று பதிவுகளும் நகரத்துக்குள்ளே. ஆகவே வெளியே போகும் பட்டியலில் பஸ் முதலாவது. மேசையில் இருக்கும் மனிதர் இரண்டாவது.

செயலாளர் பட்டியலைப் பார்த்தார். "3அ எப்ப வந்தது?"

"விடுபட்டுப் போச்சு சேர்."

கையொப்பம் வைத்தார். இருபத்திரண்டு வருட வேலையில் நான் கொப்பியில் எழுதிய முதல் பொய் நேரம் அது.

உழவு இயந்திரச் சாரதி இந்தியாவில் அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, குடும்பத்தோடு திரும்பி வந்தவர். அவருடைய பேச்சில் இன்னும் அந்தக் கரை கேட்கும். கந்தோரில் எல்லோரும் "வாங்க போங்க" என்று அவரைக் கேலி செய்வோம். அவரும் கோபிப்பதில்லை. பட்டியலை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "வர்றேங்க" என்றார். மழைக்குள் அந்த வள்ளம் தாம்போதிப் பக்கம் தெருவால் போவதைப் பார்த்தேன். கும்பிட நினைத்தும் கை மேசையை விட்டு எழவில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்குத் தொலைபேசி அடித்தது. அதே பெண்.

"அக்கா, தண்ணி மேசைக்கு வந்திட்டுது. ஆரையும் அனுப்பினனீங்களோ?"

"ட்ரக்டர் வருது" என்றேன்.

"முதல் எங்களிட்டத்தானே அக்கா வருது?"

நான் பதில் சொல்வதற்குள் இரைச்சல் வந்து இணைப்பு அறுந்தது. அந்த அறுந்த இணைப்புக்கு ஒரு கணம் நன்றி சொன்னேன். பஸ் உயரமானது. கீழ்ப் படி வரைக்கும்தான் தண்ணீர் என்று என் பிள்ளையே சொல்லியிருந்தாள். மேசையின் உயரம் எனக்குத் தெரியும். நானும் ஒரு மேசைக்கு முன்னால்தான் இருந்தேன்.

எழுந்து செயலாளரின் அறைக்குப் போனேன். "சேர், 3அ வில என்ர மகள் இருக்கிறா. நேரம் பொய். நாலாவதுதான் முதல் போக வேணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"மகள் எண்டு விளங்கினது. நீங்கள் வீட்டுக்காரரோட போனில கத்தினது எனக்கும் கேட்டது" என்றார். "நேரத்தை நான் பாக்கேல்லை. பாத்திருக்க வேணும்." பிறகு, "சாரதிக்கு எடுங்கோ. முதல் நாலு எண்டு சொல்லுங்கோ."

"மகள்..."

"நீங்கள்தானே சொன்னனீங்கள்."

எடுத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. சம்மாட்டியாருக்கு எடுத்தேன். அதுவும் அப்படியே. பதினொரு தரம் மாறி மாறி எடுத்தேன். ஒவ்வொரு தரமும், கிடைத்தால் என் வாயால் என் பிள்ளையைப் பிந்திப் பாருங்கோ என்று சொல்ல வேண்டும். கிடைக்க வேண்டும் என்றும் கிடைக்கக் கூடாது என்றும் ஒரே நேரத்தில் வேண்டினேன். எந்த வேண்டுதல் பெரிதாக இருந்தது என்று என்னைக் கேட்க வேண்டாம்.

அதன்பின் செயலாளர் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். அழிக்க விடவில்லை. 9.05 ஐ ஒரே கோட்டால் வெட்டி, பக்கத்தில் 9.50 என்று எழுதி, சுருக்கொப்பம் வைக்கச் சொன்னார். வைத்தேன். தேத்தண்ணி வந்தது. குடிக்கவில்லை. அடுத்த அழைப்பு வந்தது, எழுதினேன். அதற்கடுத்ததும் எழுதினேன். ஒரு வீட்டில் ஆடுகள் என்றார்கள், அதையும் எழுதினேன்.

நாலரைக்கு மழை விட்டது. கடற்படையின் பெரிய வாகனம் பஸ் பயணிகள் பலரை ஏற்றியதாகச் செய்தி வந்தது. பெயர்கள் வரவில்லை. பாப்பாமோட்டை வீட்டைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. மகள் கிடைத்திருப்பாள் என்று பாதி மூச்சு வந்தது. மற்றப் பாதி அந்த மேசையில் நின்றது.

ஐந்து முப்பத்தைந்துக்கு எஞ்சின் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் படியில் நின்றேன். உழவு இயந்திரம் வளவுக்குள் திரும்பியது. பெட்டியில் வள்ளம் சரிந்து கிடந்தது. வள்ளத்துக்குள் ஒரு நடுவயது மனிதர் இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி, தலையில் ஒரு துவாய். அவர்களுக்கு எதிரே என் மகள். மடியில் பொலித்தீன் பையால் சுற்றிய எதையோ குழந்தையைப் போல அணைத்து வைத்திருந்தாள். கிட்டப் போனபோதுதான் தெரிந்தது, அது அந்த மனிதருடைய செயற்கைக் கால்.

"நனைஞ்சால் பழுதாப்போகும் எண்டு சொன்னவர் அம்மா" என்றாள். நான் அவள் முகத்தையும் கைகளையும் தடவிப் பார்த்தேன், கடைக்காரர் மாம்பழம் பார்ப்பதைப் போல. அவள் கூச்சத்தில் நெளிந்தாள்.

அந்தப் பெண் இறங்கி என்னைப் பார்த்தார். "நீங்களே போனில கதைச்ச அக்கா?"

"ஓம்."

"வருது எண்டு சொன்னனீங்கள். வந்திட்டுது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கையை வைத்திருக்க எனக்குத் தகுதி இல்லை. அந்தப் பொய் நேரத்தைப் பற்றி அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. இங்கேதான் முதலில் எழுதுகிறேன்.

சம்மாட்டியார் வள்ளத்தின் அடியைக் குனிந்து தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு கீறல்தான். சபை கிட்ட வராட்டில் சரி" என்றார் செயலாளரைப் பார்த்து.

சாரதி கடைசியாக இறங்கினார். இடுப்புவரை சேறு. சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்து நீட்டினார். எழுத்தெல்லாம் கரைந்து நீலமாக ஒழுகியிருந்தது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க எழுதுன மாதிரி போகல. பஸ்ஸுதான் மொதல்லன்னு போட்டிருந்தீங்க. போய்ப் பாத்தா பஸ்ஸு மேட்டுல நிக்குது, இவங்க வீடு பள்ளத்துல. அதனால இவங்களத் தூக்கிட்டு அப்புறமாத்தான் பஸ்ஸுக்குப் போனோம். உங்க பாப்பாகிட்டயும் போறப்பவே சொன்னேன், நீ கொஞ்சம் இரும்மான்னு. சரின்னுச்சு." செயலாளரை ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தப்புன்னா எம் பேர்ல எழுதிக்குங்க."