மாமாவின் முறை நாள்

“குண்டடி இல்ல, ஒரு கீறலு கூட இல்ல. மண்டைக்குள்ள மட்டும் காயமாம். நாலெழுத்து படிச்சிட்டா இன்னா வேணா சொல்லுவியா?”

மாமாவுக்கு மறுபடியும் பாடு கொடுங்கள் என்று ஸ்கேன் படத்தோடு போய் நின்ற என்னிடம் ஊர்த் தலைவர் போன மாதம் கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், இப்போது செவிலியர். இந்த மாதிரிக் கேள்வி எனக்குப் புதிதில்லை.

அம்மாவின் தம்பி பீரங்கிப் படையிலிருந்து திரும்பியபோது நான் மூன்றாம் வகுப்பு. பக்கத்திலேயே குண்டு வெடித்தும் உடம்பில் கீறல் விழாத ஆள் என்று ஊரே அவரை மெச்சியது. அவரும் சட்டையைக் கழற்றிக் காட்டுவார்.

ஏரியில் இறால் கிடைக்கும் இடத்தைப் பாடு என்போம். அங்கே எந்த நாளில் யார் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அடுத்தவர் முறை நாளில் வலை போடுவது திருட்டைவிடக் கேவலம். மாமா அதைத்தான் செய்தார், அதுவும் திரும்பத் திரும்ப.

ஊர்க் கூட்டத்தில் அவரை நிறுத்தினார்கள். நானும் அம்மாவும் தள்ளி நின்று பார்த்தோம்.

“இன்னா மிலிட்டிரி, இன்னிக்கு யாரு பாடு?”

“எங்க பாடுதாண்ணே.”

“உன் மொற இல்லன்னு நேத்தே சொன்னமே.”

“சொன்னீங்களா?”

“உள்ள போனது மறக்க வைக்குது” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். மாமா குடிக்கமாட்டார். சிரிப்பு அடங்கியதும், “எங்க பாடுதானண்ணே?” என்று மறுபடியும் கேட்டார்.

அன்றே சீட்டிலிருந்து அவர் பெயரை நீக்கினார்கள். அதன்பின் கரையில் அடுத்தவர் வலையை உதறிக் கொடுத்து, அவர்கள் போட்ட மீனை வாங்கிவந்தார்.

அன்று கூட்டத்தில் தீர்ப்பு முடியும்வரை மாமா கொடிக்கம்பத்தைப் பிடித்தபடி விறைப்பாக நின்றார். பட்டாளத்துக்காரர் நிற்கிற அழகைப் பார் என்று எனக்கு ஒரே பெருமை. கம்பத்தை விட்டால் அவருக்குத் தரையே சாய்ந்துபோகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

வெடியின் அதிர்வு மட்டுமே மூளையைக் குலைத்துவிடும் என்று கல்லூரியில் பாடம் நடந்தபோது அந்தக் கொடிக்கம்பம்தான் கண்ணில் நின்றது. அவரைச் சென்னைக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் படத்தில், மூளைக்குள் பழைய தழும்புகள் இருந்தன.

“இத்தனை வருஷமா யாருமே பாக்கலையா?” என்றார் டாக்டர்.

“கீறலு இல்லியே சார்” என்றார் மாமா.

நேற்று இந்த வருஷத்துச் சீட்டுக் குலுக்கினார்கள். பெண்கள் போகாத கூட்டம் அது; நான் போனேன். முறை நாளை நான் நினைவில் வைத்துக்கொள்கிறேன், வலையை என் நைனா போடுவார் என்று சொன்னேன். தலைவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், மாமாவின் பெயரை எழுதி மடித்த சீட்டைக் குலுக்கும் பானைக்குள் போட்டுவிட்டேன்.