இறால் மேசை இங்கிலீஷ்

பத்தாம் வகுப்பில் நான் கோட்டை விட்டது இங்கிலீஷில் மட்டும்தான். மற்ற நாலு பாடமும் பாஸ். மறுபடி எழுதிக்கொள்ளலாம் என்று வீட்டில் சொன்னார்கள். அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. அப்புறம் பல வருஷம் கட்டுமாவடியில் மீன்கூடையோடு பஸ் ஏறி ஊர் ஊராக விற்றேன். என் குரல் கேட்டால் அடுத்த தெருக்காரர்களும் சட்டியோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்த பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஜெகதாப்பட்டினத்தில் ஓர் இறால் கம்பெனியில் உரிக்கிற வேலைக்குச் சேர்ந்தேன்.

ஒருநாள் மேனேஜர் எங்கள் மேசைக்கு வந்தார். எங்களிடம் இறால் வாங்குகிற பெரிய கம்பெனி இனிமேல் சோதனைக்கு ஆள் அனுப்பப் போகிறதாம். வருகிற அம்மாவுக்குத் தமிழ் தெரியாதாம். வரும் பெட்டிகளைத் தரம் பார்த்து, இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதி, அந்த அம்மா கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டுமாம்.

"தூத்துக்குடியிலேர்ந்து ஒரு பையனைப் போடலாம்னு இருக்கேன். ஒங்கள்ல யாருக்காச்சும் இங்கிலீஷ் வருமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. இறாலைத் தொட்ட மாத்திரத்தில் அது எப்போது வலை ஏறியது, ஐஸில் எவ்வளவு நேரம் கிடந்தது என்று சொல்கிற கை என்னுடையது. எனக்கு மேல் தரம் பார்க்க, இறாலைச் சாப்பாட்டுத் தட்டில் மட்டும் பார்த்த பையன் ஒருவனா?

"சார், மூணு மாசம் டைம் குடுங்க. அந்தம்மாகிட்ட நான் பேசுறேன்" என்றேன்.

மேசையே சிரித்தது. மேனேஜரும்தான். "சரிம்மா. அவங்க வார அன்னைக்குப் பேசிக் காட்டு. இல்லாட்டி தூத்துக்குடிதான்" என்று போய்விட்டார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்றே எனக்கு உறைத்தது. என் வாய் எப்போதும் இப்படித்தான், என்னைக் கேட்டுக்கொண்டு பேசாது.

எனக்கு எதிரே உட்கார்ந்து உரிப்பவள் ஆவூர்க்காரி. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவள். 'ஆவூரு' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவள் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள் என்பது எனக்கு மட்டும் தெரியும். நீ ஏன் கையைத் தூக்கவில்லை என்று மத்தியானச் சோற்றின்போது கேட்டேன்.

"எழுதச் சொன்னா எழுதிருவேன்க்கா. பேசணும்னா நாக்கு ஒட்டிக்கிருது. காலேஜில ஒருதடவை எந்திரிச்சுப் பேசினேன். கிளாஸே சிரிச்சுருச்சு. அதோட சரி."

அவளிடம் இங்கிலீஷ் இருந்தது, வாய் இல்லை. எனக்கு வாய் இருந்தது, இங்கிலீஷ் இல்லை. அன்று சாயங்காலமே ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்.

உரிக்கும்போது நோட்டைப் பிடிக்கக் கை ஏது? அதனால் இறாலிலேயே பாடம் நடந்தது. "தலையைத் திருகுங்க, யாரு? ஓட்டை உரிங்க, என்ன செஞ்சாங்க? சதையைத் தட்டுல போடுங்க, எதை?" என்பாள். நான் தலையைத் திருகி 'ஐ' என்பேன். ஓட்டை உரித்து 'பீல்' என்பேன். தட்டில் போட்டு 'ப்ரான்ஸ்' என்பேன். செய்கிற வேலையைத் தமிழில் கடைசியில் சொல்லியே பழகிய ஆள் நான். அதைக் கொண்டுபோய் நடுவில் உட்கார வைக்க ஒரு வாரம் ஆனது. ஒருநாள் அவசரத்தில் வாலும் தலையும் மாறி, 'தி ப்ரான் பீல்ஸ் மீ' என்றேன். இறால் என்னை உரிக்கிறது! ஆவூரு சிரித்த சிரிப்பில் கையுறையே கழன்றது. ஐஸிலும் இறால் முள்ளிலும் வெந்து கிடந்த என் விரல்களைக் காட்டி, "பொய்யா சொல்றேன்?" என்றேன்.

காலங்களுக்குப் பெட்டி வைத்தாள். நீலப் பெட்டி இன்று, சிவப்புப் பெட்டி நேற்று, வெள்ளைப் பெட்டி நாளை. அவள் எந்தப் பெட்டியைப் பார்க்கிறாளோ அந்தக் காலத்தில் நான் சொல்ல வேண்டும். 'பீல்' ஒழுங்கான பிள்ளை. சிவப்புப் பெட்டிக்குப் போனால் வாலைச் சேர்த்துக்கொண்டு 'பீல்டு' ஆகிவிடும். இந்த 'கோ' இருக்கிறதே, சிவப்புப் பெட்டியில் விழுந்ததும் அடையாளமே தெரியாமல் 'வெண்ட்' என்று வந்து நிற்கும். அதை நான் திட்டாத திட்டு இல்லை. ஆனாலும் மூன்றாம் மாதம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணில் பட்ட எல்லாவற்றையும் எனக்குள் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆடு மேய்ந்தது, மேய்கிறது, மேயும். எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. இருக்காதா பின்னே?

அந்த அம்மா வந்த நாள் வெள்ளனவே படகுகள் கரைக்கு வந்திருந்தன. வந்த பெட்டிகளில் இரண்டு எனக்குப் பிடிக்கவில்லை. ஐஸ் கரைந்து, இறாலின் தலை கறுக்க ஆரம்பித்திருந்தது. இரண்டையும் சுவரோரம் ஒதுக்கி வைத்தேன். மேனேஜர் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்தார். திருப்பி எடுத்து வைக்க நேரமில்லை, கார் வந்துவிட்டது.

அந்த அம்மா என் வயதுக்காரி. வெள்ளைக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று சுற்றினார். நேராகச் சுவரோரம் போய் நின்று, "ஹூ ரிஜெக்டட் திஸ்?" என்றார். யார் இதை ஒதுக்கியது?

குறை சொல்கிறார் என்று மேனேஜர் பயந்துவிட்டார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். "சாரி மேடம், வொர்க்கர் மிஸ்டேக்" என்றார்.

அந்த அம்மா கேட்டதும் எனக்குப் புரிந்தது, மேனேஜர் சொன்னதும் புரிந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் என்றால் புரியாமல் நின்று தலையை ஆட்டியிருப்பேன். இப்போது பேசினால் மேனேஜர் சொன்னது பொய் என்று ஆகும். தரம் பார்க்கிற வேலை இருக்கட்டும், உரிக்கிற வேலையே போனாலும் போகும். ஆனால் என் கையைத் தப்பு என்று சொன்னதை எப்படிப் பொறுப்பது?

"நோ மிஸ்டேக், மேடம். ஐ ரிஜெக்டட் இட். தி ஐஸ் மெல்டட்" என்றேன்.

தெருத்தெருவாய்க் கூவிய குரல் அல்லவா, கொட்டகை முழுக்கக் கேட்டது. அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "ஹவ் டு யூ நோ?" என்றார். உனக்கு எப்படித் தெரியும்?

இதற்கு எங்களிடம் பாடம் இல்லை. எப்படித் தெரியும் என்று தமிழில் கேட்டாலே எனக்குச் சொல்லத் தெரியாது. மேனேஜர் முகத்தில் தூத்துக்குடி தெரிந்தது.

அப்போது எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. மெலிசாக, நடுங்கிக்கொண்டு.

"ஹெர் ஹேண்ட்ஸ் நோ, மேடம். ஷீ வில் ஷோ யூ." அவர் கைகளுக்குத் தெரியும், செய்து காட்டுவார்.

ஆவூரு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கையில் பாதி உரித்த இறால்.

நான் நல்ல பெட்டியிலிருந்து ஓர் இறாலை எடுத்துத் தலையைத் திருகினேன். பிடித்துக்கொண்டு நின்று, பிறகு சடக்கென்று வந்தது. ஒதுக்கிய பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தேன். விரல் பட்டதும் தலை தொளதொளவென்று தனியே விழுந்தது. அந்த அம்மா கையுறையைக் கழற்றிவிட்டுத் தானே இரண்டு பெட்டியிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்துத் திருகிப் பார்த்தார். "குட்" என்றார். பிறகு மேனேஜரிடம், இந்த இருவரும் சரிபார்த்த பெட்டிகளைத்தான் இனிமேல் எடுத்துக்கொள்வேன் என்று சொன்னார். அதையும் யாரும் எனக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

கார் போனதும் மேனேஜர் வந்தார். ஆவூரு பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள் என்று போட்டு உடைத்தேன். "நாளைலேர்ந்து ரெண்டு பேரும் தரம் பாருங்க. ரிப்போர்ட்ட இந்தப் பொண்ணு எழுதட்டும், பேசுறத நீங்க பேசுங்க" என்றார். இத்தனை நாளில் அவர் எனக்கு 'ங்க' போட்டது அதுதான் முதல் தடவை.

ஆவூருவும் நானும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். இங்கிலீஷில் கோட்டை விட்ட அந்தப் பள்ளிக்கூடத்து மார்க் லிஸ்ட்டைத் தேடி எடுத்து மேனேஜர் மேசையில் வைக்கப் போவதாக அளந்துகொண்டே வந்தேன். பஸ் தெரிந்ததும் அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"அக்கா, நான் பேசினேன்ல?"

"பேசினடி. கணீர்னு பேசினே."

"யாராச்சும் சிரிச்சாங்களா?"

"ஒருத்தரும் சிரிக்கலடி" என்றேன்.