படுத்துப் பார்த்து வாங்கிய மெத்தை

என் புருசன் கிணற்றுத் துலாவிலிருந்து விழுந்தது, இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சக் காலம் முந்தி. புகையிலைக்குத் தண்ணீர் இறைக்கிற நாட்கள். துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பது அவர் சின்ன வயதிலிருந்தே செய்த வேலை. அன்று காலைப் பனியில் மரம் வழுக்கிவிட்டது. கிணற்றுக்கட்டில் முதுகு அடிபட விழுந்தார். தூக்கி வந்து கிடத்தியபோது கதைத்தார், தண்ணீர் கேட்டுக் குடித்தார். ஆனால் காலைக் கிள்ளினால் தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. பிறகு அது திரும்பி வரவே இல்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். புத்தூரில் எங்கள் வீட்டில் அதுவரை மெத்தை என்று ஒன்று இருந்ததில்லை. எல்லோரும் பாயில் படுத்து எழும்பியவர்கள். கட்டிலில் பனையோலைப் பாயை இரண்டாய் மடித்துப் போட்டு அவரைக் கிடத்தினேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் கிழமை, உடம்பு துடைக்கும்போது, முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் ஒரு சிவப்பைக் கண்டேன்.

பரியாரியார் வந்து பார்த்து எண்ணெய் தந்தார். வேப்பிலை அவித்த தண்ணீரால் கழுவச் சொன்னார். போகும்போது வாசல் படலையடியில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"இது படுக்கைப் புண் பிள்ளை. எலும்பைத் தொட்டுதெண்டால் ஆளைக் காப்பாத்தேலாது. கீழை மெத்தெண்டு ஏதும் போடு."

என் புருசனுடைய தமையனார் நல்ல மனிதர். அன்று பின்னேரமே தேங்காய்த் தும்பு மெத்தை ஒன்றை வண்டியில் கொண்டு வந்து இறக்கினார். நான் கையால் அமர்த்திப் பார்த்தேன். பாயோடு பார்த்தால் அது பஞ்சணைதான். அவரை அதில் கிடத்திவிட்டு எப்படி என்று கேட்டோம். சுகமாய்க் கிடக்கிறது என்றார். நாங்களும் நம்பினோம். அவ்வளவு பேர் நின்றும் ஒருவருக்கும் புத்தி ஓடவில்லை. சுகமாய்க் கிடந்தது அவருடைய தோளும் முதுகும். தும்பு குத்துகிற இடத்தில்தான் அவருக்கு ஒன்றும் தெரியாதே. எட்டாம் நாள் சரித்துப் பார்த்தால், சிவந்த இடம் உடைந்து புளியங்கொட்டை அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. ஒரு குதிக்காலும் புதிதாய்ச் சிவந்திருந்தது.

நான் அழவில்லை. அந்த மெத்தையை இழுத்துக்கொண்டுபோய் மாட்டுக் கொட்டிலில் எறிந்தேன். என் பழைய சேலைகளை அடுக்கி அவரை அதில் கிடத்தினேன். இனி இந்த விசயத்தில் அவருடைய வாயைக் கேட்கக்கூடாது, நானே பட்டணத்துக்குப் போய்ப் பார்த்து எடுப்பேன் என்று வீட்டில் சொன்னேன். என் தங்கச்சியை அவரோடு இருத்தினேன். பெண்பிள்ளை தனியே போகக்கூடாது என்று தமையனாரும் கூட வந்தார்.

வண்டியில் போகும்போது தமையனார் வேறு கதை தொடங்கினார். சாக்கில் வைக்கோலை நன்றாய் உதறி அடைத்தால் இப்போதைக்குப் போதும் என்றார்.

"கன காலத்துக்கு நிக்கிற சாமான் இப்ப என்னத்துக்குப் பிள்ளை?"

கெட்ட எண்ணத்தில் கேட்டவர் அல்ல. தன் தம்பி மாரி மழையைத் தாண்டமாட்டான் என்று அவருக்கும் பட்டிருந்தது, ஊருக்கும் பட்டிருந்தது. எனக்கு மட்டும் படவில்லை. பட விடவும் இல்லை.

பட்டணத்தில் மெத்தை தைக்கிறவர் வயதான ஒரு முஸ்லிம் மனிதர். எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். யாருக்கு, என்ன வருத்தம் என்று விசாரித்தார். பருத்தி நாளடைவில் கட்டி தட்டிவிடும், இலவம் பஞ்சுதான் சரி என்றார். ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்துப் பொத்தி விடச் சொன்னார். விட்டதும் அது பழையபடி பொங்கியது. எத்தனை வருசத்துக்கு வேண்டும் என்று கேட்டார். இருபது வருசத்துக்கு என்றேன். தமையனார் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தைத்து முடித்த மெத்தை ஒன்றை நானா வாங்குப் பலகையில் விரித்துக் காட்டினார். கையை வைத்தேன். நல்ல மெத்தென்று இருந்தது. ஆனால் தும்பு மெத்தையையும் நான் கையால்தான் பார்த்தேன். கைக்கு என்ன தெரியும்? படுத்துப் பார்க்க வேண்டும் என்றேன்.

நானா தடுமாறிப் போனார். அந்தக் காலத்தில் எங்களுடைய பகுதிப் பெண்கள் கடை வாசலில் நின்று சாமான் கேட்பதே குறைவு. இதுவோ சந்தைத் தெரு. உள்ளே ஊசியோடு இரண்டு ஆம்பிளைகள் இருந்து தைக்கிறார்கள்.

"பிள்ளை, உனக்கென்ன விசரே? ஆக்கள் பாக்கினம்," என்றார் தமையனார்.

"பாக்கட்டும். குத்தினாலும் அவருக்குத் தெரியாது. அவருக்காண்டி ஆரேன் ஒராள் படுத்துச் சொல்லத்தானே வேணும்."

நானா அந்த இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார். தானும் வாசலில் எனக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு ஒரு சுருட்டைப் பற்றவைத்தார்.

"இது முடியுமட்டும் படுங்கோ தங்கச்சி. கொஞ்ச நேரம் படுத்தால் எல்லா மெத்தையும் நல்லாய்த்தான் கிடக்கும்."

சேலையைக் கால் வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு நேரே மல்லாந்து படுத்தேன். அவரால் அசைய முடியாது. ஆகையால் நானும் அசையவில்லை. முதலில் சுகமாகத்தான் இருந்தது. பிறகு முதுகின் அடியில் ஏதோ உறுத்தியது. பஞ்சு ஓடாமல் இருக்கச் சாணுக்கொரு முடிச்சாய் நூலால் குத்தி இழுத்திருந்தார்கள். அதில் ஒன்று, அவருக்குப் புண் இருக்கிற அதே இடத்தில். கொஞ்சம் விலகி அரக்கினால் தீர்ந்துவிடும். நான் அரக்கவில்லை. சுருட்டு பாதி எரிவதற்குள் அந்த இடம் நெருப்பாய்க் காந்தியது. அங்கே கிடந்தபடியே இன்னொன்றும் கண்டேன். இடுப்பு நாரியின் வளைவும் முழங்காலின் பின்பக்கமும் மெத்தையில் முட்டவே இல்லை.

எழும்பிச் சேலையைச் சரி செய்துகொண்டு, நடுவில் முடிச்சு வேண்டாம் என்றேன். முடிச்சு இல்லாவிட்டால் பஞ்சு இரண்டு பக்கமும் ஓடி நடு பள்ளமாகிவிடும், ஒரு வருசமும் நிற்காது என்றார் நானா. அவர் சொன்னது நியாயம். முடிச்சு இருந்தால் மெத்தை நிற்கும், என் புருசன் நிற்கமாட்டார். உடம்பு முட்டாத அந்த இரண்டு இடத்தையும் மெத்தையில் சாணால் அளந்து பார்த்தேன்.

பிறகு, மெத்தையை மூன்று துண்டாய்த் தையுங்கள் என்றேன். பொருத்துகள் நாரியிலும் முழங்காலுக்குப் பின்னும் வரட்டும், அங்கே உடம்பு முட்டாது. நடுத்துண்டில் முடிச்சே வேண்டாம். சின்னத் துண்டுக்குள் பஞ்சு எவ்வளவு தூரம் ஓடும்? அந்தத் துண்டில் மட்டும் இரண்டு தையுங்கள். படுக்கையில் கிடக்கிறவருக்கு ஈரம் இல்லாமல் இராது. ஒன்று கீழே கிடக்க மற்றது வெயிலில் காயட்டும், பள்ளம் விழுந்தால் நான் பிரித்து உதறித் தைப்பேன். நானா நாடியைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருசத்தில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை என்றும், பத்து நாளில் தருவதாகவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நான் கிணற்றடியில் கால் கழுவ, தமையனார் முந்திப் போய்த் தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் உள்ளே போனபோது இவர் முகட்டைப் பார்த்தபடி கிடந்தார்.

"கடையிலை படுத்தனீராம்."

"ஓம்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு சுருட்டு முடியுமட்டும்."

"நித்திரை கொள்ளேல்லையோ?"

விழுந்த நாளுக்குப் பிறகு அவர் விட்ட முதல் பகிடி அது. தமையனார் சிரிக்கவில்லை. அதன் பிறகு அவர் வருவார், தம்பியோடு இருந்து கதைப்பார், போய்விடுவார். என் முகத்தைப் பார்த்து ஒரு சொல் கதைக்கமாட்டார்.

மாரி முடிவதற்குள் புண் ஓரத்திலிருந்து காய்ந்து வந்து மூடியது. குதிக்காலும் ஆறியது. ஒவ்வொரு நாளும் நடுத்துண்டை மாற்றினேன், அவரைப் புரட்டிப் புரட்டிக் கிடத்தினேன். சண்டைக் காலத்தில் துணி கிடைக்காதபோது என் கூறைச் சேலையைக் கிழித்து உறை தைத்தேன். கிடந்த கிடையிலேயே அவர் தோட்டத்துக்கு யோசனை சொன்னார், எங்கள் மூத்த மகளுக்குக் கலியாணம் பேசி முடித்தார். அப்படி எட்டு வருசம்.

கடைசியில் நெஞ்சுச் சளிதான் அவரைக் கொண்டுபோனது. மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். ஆம்பிளைகள் சேர்ந்து அவரைக் குளிப்பாட்டினார்கள். தமையனாருக்கு அப்போது நன்றாய் வயது போய்விட்டது. ஈரக் கையோடு, பெண்களுக்கு நடுவில் நான் இருந்த இடத்துக்கு வந்து என் முன்னால் நின்றார்.

"பிள்ளை, பழைய தழும்பு ஒண்டுதான். வேறை ஒரு கீறலும் இல்லை."

"ஓம். எனக்குத் தெரியும்," என்றேன்.