ராகு காலத்துக்கு முன்பே புறப்பட்ட பை

அந்த வெள்ளிக்கிழமை மாலை ஜெர்மனியில், பான் நகரத்து எங்கள் வீட்டு ஹோலில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, நான், தெருக்கோடியில் தனியாகக் குடியிருக்கும், உறவில்லாவிட்டாலும் நாங்கள் அண்ணை என்று கூப்பிடுகிறவர். இல்லாதவர்கள் இரண்டு பேர். மியூனிக் பக்கத்துக் கார்ஹிங்கில் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த தங்கச்சி ஒருவர். மற்றவர், மாசியில் ஊரில் கண்மூடிய பெரியப்பா. அவர் இல்லாமற் போனதால்தான் நாங்கள் வெளிக்கிட்டோம்.

அப்பாவின் ஊர் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலுக்குள் கிடக்கிற ஒரு சின்னத் தீவு. அங்குள்ள கோயில் திருவிழாவில் ஒரு நாள் எங்கள் குடும்பத்துக்குரியது. அன்றைக்குப் பூசை, மேளம், அன்னதானம் எல்லாம் எங்கள் செலவு. அதற்குப் பெயர் உபயம். அகதியாக வந்த நாளிலிருந்து அப்பா காசு அனுப்பினார், பெரியப்பா போய் முன்னுக்கு நின்றார். அப்பா ஒருமுறையும் போகவில்லை. முதலில் விசா இல்லை, பிறகு காசு இல்லை, பிறகு பயம், பிறகு லீவு. பெரியப்பா செத்த பிறகு கோயில்காரர் போன் எடுத்து, இந்த வருஷம் குடும்பத்தில் ஒருவரும் வந்து நிற்காவிட்டால் அந்த நாளை வேறு ஆட்களுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டு மூன்று டிக்கட் போடச் சொன்னார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அம்மா ஐந்தாம் வகுப்பு, அப்பா எட்டு. ஆகவே ஆஹெனில் பொறியியல் படிக்கிற எனக்கு இந்த வீட்டில் இன்னொரு முழுநேர வேலையும் உண்டு. வரி, வாடகை, டாக்டரிடம் நேரம் எடுக்கிற டெர்மின், அலுவலகத்துக்கு எழுதுகிற அன்ட்ராக் என்ற விண்ணப்பம், எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: அவன் படிச்சவன், அவனிட்டக் குடு. படித்தவன் சொல்வதைக் கேட்பதாக மட்டும் அதில் எங்கேயும் எழுதப்படவில்லை.

உபயம் திங்கட்கிழமை. விமானம் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, பிராங்போர்ட்டிலிருந்து. சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை. பத்தரை கழிய வீட்டை விட்டு இறங்கி, சீக்பூர்க் ஸ்டேஷனில் வேக ரயில் எடுத்தால் போதும் என்பது அப்பாவின் திட்டம். இப்போது யோசித்தால் அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் இந்த நாட்டு ரயிலை நம்பி அவ்வளவு இறுக்கமாகப் போகக்கூடாது, ஒரு ரயில் முந்தியே போகவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அம்மாவுக்கோ சனிக்கிழமை காலை பேக்கரியில் வேலை. லீவு கேட்டும் கொடுக்கவில்லை. ஒன்பதரைக்கு முன் அவரால் வீட்டுக்கு வர ஏலாது. அப்படியென்றால் ராகு காலத்துக்குள்தான் இறங்கவேண்டும்.

அப்பாவை மடக்க நான் விஞ்ஞானத்தைக் கையில் எடுத்தேன். ராகு காலம் மணிக்கூட்டைப் பார்த்து வருவதில்லை, அது சூரிய உதயக் கணக்கு, பகலை எட்டாகப் பிரித்து சனிக்கிழமைக்கு மூன்றாவது பங்கு என்று விளக்கினேன். யாழ்ப்பாணத்துப் பகல் வேறு, பான் நகரத்து ஜூலைப் பகல் வேறு என்றேன். அப்பா கவனமாகக் கேட்டார். நான் சொல்லி அவர் இவ்வளவு கவனமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு, "அப்ப இஞ்சத்தைக் கணக்குக்கு எத்தினை மணி?" என்றார்.

வாயைத் திறக்கமுன் கணக்கைப் போட்டிருக்கவேண்டும். இங்கே ஜூலையில் ஐந்தரைக்கே சூரியன் எழும்பும், பகல் பதினாறு மணித்தியாலம். எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு இரண்டு மணித்தியாலம். ராகு காலம் ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை.

அப்பாவுக்கு என் படிப்பில் அன்றைக்குத்தான் முழு நம்பிக்கை வந்தது. பத்தரைக்கு வெளிக்கிடுவதும் இனி இல்லை. பார்த்தியே, இவன் படிக்காட்டி இது தெரியாமல் பத்தரைக்கு வெளிக்கிட்டிருப்பம் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். எனக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதலாம் போல இருந்தது.

வழி சொன்னவர் அம்மா: பரஸ்தானம் வைக்கலாம். வெளிக்கிடும் நேரம் சரியில்லையென்றால், முதல் நாளே நல்ல நேரம் பார்த்து, பயணத்துக்கு எடுத்துப்போகும் ஒரு பொருளை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைப்பது. பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. அடுத்த நாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொள்ளவேண்டும். திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது. அதற்குத்தான் அண்ணை அன்று எங்கள் வீட்டில் இருந்தார். பார்சல் பிரிக்கும் இடத்தில் வேலை, சனிக்கிழமை ஓய்வு.

குளித்துத் துடைக்கிற ஒரு துவாயைக் கொடுத்துவிடுவோம் என்றேன். அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. துவாய் இல்லாமலும் போகலாம், இல்லாமல் போகேலாத சாமானைத்தான் வைக்கவேண்டும் என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே திருவிழாவுக்கு வாங்கிய பட்டு வேட்டியைத் தோள்பைக்குள் வைத்தார். அதன்மேல் மூன்று பாஸ்போட்டையும் வைத்துச் சிப்பை இழுத்தார்.

நான் கத்தினேன். அண்ணையே சிரித்துவிட்டார். "ஏன் கவலைப்படுறீர்? நான் எங்க ஓடப்போறன்? காலமை கதவைத் தட்டினா பை வாசல்ல," என்றார். ஆறரைக்குப் பை எங்கள் வீட்டை விட்டு இறங்கியது. அம்மா கற்பூரம் காட்டினார்.

சனிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு மூன்று சூட்கேசுடன் அண்ணையின் கதவைத் தட்டினோம். ஒருவரும் திறக்கவில்லை. மணி அடித்தோம். போன் எடுத்தோம், மணி போனது, எடுக்க ஆளில்லை. குளிக்கிறார் போல என்றார் அப்பா. ஒரு மனிதர் முக்கால் மணித்தியாலம் குளிப்பார் என்று அவர் உண்மையாகவே நம்பினார். மேல்மாடி ஜெர்மன் அம்மா யன்னலைத் திறந்து, அவர் விடியவே காரில் போய்விட்டாரே என்று சொன்னபோது அம்மா சூட்கேசின் மேலேயே இருந்துவிட்டார்.

கடைசியில் அப்பாவின் போனைப் பறித்து வட்ஸப்பைத் திறந்தேன். காலை வணக்கப் படங்கள், தேர்த் திருவிழா வீடியோக்கள், பூ மேல் பனித்துளி, மறுபடி காலை வணக்கம். அதற்கெல்லாம் கீழே, விடிய ஐந்து மணிக்கு அண்ணை அனுப்பிய குரல் செய்தி திறக்கப்படாமல் கிடந்தது.

"அண்ணை, ஒராளுக்கு வருத்தமாம், என்னைத் திடீரெண்டு வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்கள். பையைத் திருப்பி உங்கட வீட்டுக்குள்ள கொண்டுவரக் கூடாதெல்லோ, அதால என்னோட கொண்டுபோறன். என்ர வேலையிடம் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலதானே, பத்தேகாலுக்கு பிளாட்போமில நிக்கிறன். நீங்கள் ஆறுதலா வாங்கோ."

பத்தேகால் எப்போதோ போய்விட்டது. திருப்பிக் கொண்டுவந்து எங்கள் வீட்டு மணியை அடித்திருக்கலாம். நூறு மீட்டர் நடக்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஆட்களுக்குச் சாஸ்திரத்தை மீறுவதைவிட, பிறத்தியாரின் பாஸ்போட்டைக் காரில் போட்டு ஊரெல்லாம் கொண்டு திரிவது லேசு.

டிராமில் போய் இறங்கியபோது பிளாட்போமில் அண்ணை இல்லை. நின்று பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்தார். அந்த வேலையிடத்தில் போனை அலுமாரியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம். சூட்கேசுகளை இழுத்துக்கொண்டு அங்கே போனோம், வாசற் காவலாளி ஆளுக்குச் சொல்லி அனுப்புகிறேன் என்றார். அது யாருக்குப் போனதோ தெரியாது. வாசற் கேட்டுக்கு வெளியே, சூட்கேசுகளுக்கு நடுவில், அப்பா நின்றார். நான் பேசினேன். ராகு, துவாய், வட்ஸப், எதையும் விடவில்லை. அம்மா மெதுவாக, "காணும் தம்பி. அந்த மனுசன்ர முகத்தைப் பார்," என்றார்.

பார்த்தேன். அப்பா கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசியது காதில் விழாதது போல, "பெரியப்பா ஒரு வருஷமும் பிந்தேல்லை," என்றார்.

ஒரு மணிக்கு அண்ணை வெளியே வந்தார். எங்களைக் கண்டதும் முகம் வெளிறி, வேலை உடுப்பையும் கழற்றாமல் காரை எடுத்தார். நெடுஞ்சாலையில் வீதித்திருத்தம். அது முடிந்த இடத்தில் அவர் மிதித்த மிதியில் ஒரு வெளிச்சம் பளிச்சென்று அடித்தது, அபராதக் கமரா. அண்ணை பின்னால் திரும்பி, படம் எடுத்துட்டாங்கள், எல்லாரும் சிரிச்சனீங்களோ என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. விமான நிலையத்தில் கவுண்டர் மூடியிருந்தது.

தங்கச்சிக்குப் போன் போட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அண்ணா, பை மட்டும் நல்ல நேரத்தில வெளிக்கிட்டிருக்கு, அதை மட்டுமாவது ஏத்தி அனுப்புங்கோவன்," என்றாள். பிறகு தன் புத்தகங்களை மூடிவைத்துவிட்டு அவளும் டிக்கட் தேடினாள். பள்ளிக்கூட விடுமுறைக் காலம். ஞாயிறு மத்தியானம் புறப்பட்டு, டோகாவில் மாறி, திங்கள் விடிய கொழும்பில் இறங்கும் மூன்று இருக்கைகள் இருந்தன. விலையைப் பார்த்த அப்பா, ஒரு ஆள் போனால் போதும், தான் மட்டும் போகிறேன் என்றார். அவரை டோகாவில் தனியாக மாறவிட எனக்கு மனம் வரவில்லை. பட்ட பாட்டுக்கு அம்மாவை விட்டுவிட்டுப் போகவும் ஏலாது. ஆய்வுகூடத்தில் பகுதிநேர வேலை செய்து நான் சேர்த்த காசு ஒரே சொடுக்கில் போனது.

திங்கள் விடிய கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே வாடகை வான் பிடித்தோம். அப்பா வழியில் எதையும் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து வருகிறவர், யாழ்ப்பாணத்து வாசலான ஆனையிறவில்கூடக் கண்ணைத் திருப்பாமல், டிரைவரின் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனபோது கடைசிப் படகு போய்விட்டிருந்தது. மீன்பிடி வள்ளம் ஒன்றைக் கூடுதல் காசு கொடுத்துப் பிடித்தோம். வள்ளத்துக்குள் அப்பா அந்தப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். பாதிக் கடலில் காற்சட்டைக்கு மேலேயே வேட்டியைக் கட்ட எழும்பினார். விழப்போறீங்கள் இருங்கோ என்று அம்மா இழுத்து இருத்தினார்.

கரையில் இறங்கும்போதே மேளம் கேட்டது. சுவாமி இன்னும் வெளிவீதிக்கு வரவில்லை, வசந்த மண்டபத்தில் பூசை நடந்துகொண்டிருந்தது. ஐயர் உபயகாரரைக் கேட்டார். கரையில் அவசரமாகக் கட்டிய ஈர வேட்டியோடு அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்குப் போனார். உபயகாரருக்குக் கொடுக்கும் மரியாதையான காளாஞ்சியை இரண்டு கையாலும் வாங்கினார். பிறகு வாகனத்தைத் தூக்கும் கொம்பில் தோள் கொடுத்துச் சுவாமியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பாரம் தாங்க ஏலாமல் ஒரு பக்கம் சரிந்தார். பக்கத்தில் நின்ற ஆள் விடுங்கோ அண்ணை என்று சொல்லியும் விடவில்லை. அடுத்த வருஷத்து உபயத்துக்கும் எங்கள் குடும்பந்தான் என்று அன்றிரவே பேசி முடிந்தது.

அன்னதானப் பந்தியில் அப்பா என் பக்கத்தில் வந்து இருந்தார். தோள் சிவந்திருந்தது. அவராகவே சொன்னார்:

"பாத்தியே மகன். அண்டைக்கு நல்ல நேரத்தில பையை வைச்சபடியால்தான் வந்து சேந்தனாங்கள்."

சோற்றைப் பிசைந்தபடி இருந்தேன். அவருடைய கணக்கில் பயணம் வெள்ளிக்கிழமை ஆறரைக்குத் தொடங்கி, திங்கட்கிழமை சுவாமி வெளிக்கிட முன் சரியாக முடிந்துவிட்டது.

என்னுடைய கணக்கு வேறு. புது டிக்கட் மூன்று, வான், வள்ளம், பிறகு அண்ணையின் பெயருக்கு வந்து அப்பா பிடிவாதமாகத் தானே கட்டிய அபராதம், எல்லாமாக இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினெட்டு யூரோ.