மரம் பிடுங்கிய மருமகள்

இரண்டு குன்றுகளுக்கு நடுவே மண்ணைக் கொட்டி இறுக்கிக் கட்டிய சிறிய அணை அது. தண்ணீர்ப் பக்கம் கல் பாவியிருக்கும், ஊர்ப் பக்கச் சரிவில் புல், நடுவயிற்றில் களிமண் சுவர். புல் வளரலாம், மரம் கூடாது. வேர் உள்ளே போகும், மரம் என்றைக்காவது சாகும், வேர் மக்கிய இடம் குழாயாகும். அந்தக் குழாயைத் தண்ணீர் கண்டுபிடித்துவிடும். அதற்கு வேறு என்ன வேலை?

அணையின் முதல் காவலர், கரையில் முளைத்த எந்தக் கன்றையும் இரண்டு இலைக்குமேல் வாழவிட்டதில்லை. ஊர் அவரை மொட்டைக்கரையார் என்றது. அவர் இறந்ததும் வேலை மருமகளுக்கு வந்தது, கூடவே பட்டமும். இடுப்புக்குக் கீழே முடி தொங்கும் பெண்ணைச் 'சின்ன மொட்டை' என்று கூப்பிட யாருக்கும் கூச்சமில்லை.

பாசம் கண்ணை மறைக்கும் என்பார்கள். அந்த ஊரில் அது பக்கத்திலிருந்த மூளையையும் சேர்த்து மறைத்தது. பெரியவரின் நினைவாக, அணைக்கரையிலேயே ஒரு மரக்கன்றை நட்டார்கள். காலமெல்லாம் சாராயத்தை எதிர்த்தவர் பெயரில் சாராயக்கடை திறந்ததுபோல.

"உயிரோட இருந்தவரைக்கும் மனுசன் வெயில்லயே காஞ்சாரு. இனியாவது நிழல் இருக்கட்டும்," என்றார் ஊரின் மரம் நடும் குழுவுக்குத் தலைவரான தையற்காரர். செத்தவருக்கு நிழல் எதற்கு என்று கேட்ட மருமகளை எல்லோரும் முறைத்தார்கள்.

கணவர் போனபோதுகூட அழாத மாமியார், அந்தக் கன்றுக்குக் குடம் குடமாய்த் தண்ணீர் சுமந்தாள். மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுச் சேதி சொன்னாள். முக்கால்வாசி மருமகளைப் பற்றியது. "இன்னைக்கும் உப்பு கூடங்க" என்பாள். சரிவில் புல் அறுத்துக்கொண்டிருக்கும் மருமகள் மறுத்துப் பேச வழியில்லை. பேச்சு மாமாவோடு அல்லவா?

அதனாலேயே கன்றைப் பிடுங்குவதை மருமகள் தள்ளிப்போட்டாள். இரண்டு மழைக்காலம் போனது. கன்று அவள் தோளைத் தொட்டது, தண்டு மணிக்கட்டைவிடத் தடித்தது. அணைப் பொறியாளரிடம் போனாள். அவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் கன்று நட்ட விழாவில் வாழ்த்திப் பேசியவரும் அவரே.

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிம்மா. ஆனா ஊர் உணர்வுன்னு ஒண்ணு இருக்கே?"

"அது தண்ணிக்குத் தெரியுமா சார்?"

"நீங்க கேக்கல, நான் சொல்லல. அவ்வளவுதான்."

அன்று சாப்பாட்டு வேளையில் அவளே வாயைத் திறந்தாள். "அத்தை, நாளைக்கு மரத்தை எடுக்கப்போறேன்."

"அதைத் தொட்டே, அதோட உனக்கும் எனக்கும் பேச்சு கிடையாது."

"ரெண்டு பேருமா ஒரு நல்ல முடிவுக்கு வாங்க," என்று தீர்ப்பளித்துவிட்டுக் கணவன் கைகழுவப் போனான்.

தாயில்லாமல் அந்த வீட்டுக்கு வந்தவள் அவள். தலைக்குக் குளித்தால் துவட்டிவிடுவது மாமியாரின் கைதான், திட்டிக்கொண்டே துவட்டும். அந்தத் திட்டு நின்றுபோனால் வீடு என்னாகும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனாலும் திருட்டுத்தனமாய்ச் செய்ய மனம் ஒப்பவில்லை. வெயில் ஏறியபின், ஊர் பார்க்க, மண்வெட்டியும் இடிகட்டையுமாகக் கரை ஏறினாள். மாமியார் தண்ணீர்க் குடத்தோடு ஏற்கெனவே மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா ஆட, தையற்காரர் ஆள் திரட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"நன்றி கெட்டவளே! அவர் குடுத்த வேலையில இருந்துகிட்டு அவர் மரத்தையே வெட்டறியா?"

"அவர் மரமா? அவர் இருந்திருந்தா, நீங்க நட்டுட்டு வீடு போய்ச் சேர்றதுக்குள்ள புடுங்கி உங்க வாசல்ல வீசியிருப்பாரு."

கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

தண்டை மட்டும் வெட்டினால் வேர் உள்ளேயே மக்கும்; அதற்கு மரமே தேவலை. எனவே தலைமுடியில் சிக்கெடுப்பதுபோல ஒவ்வொரு வேரையும் நுனிவரை தொடர்ந்து தோண்டினாள். கடைசி வேர் மாமியாருக்கு அடியில் ஓடியது.

"அத்தை, கொஞ்சம் நகருங்க."

மாமியார் அசையவில்லை. மருமகள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மண்டியிட்டாள். அந்தப் பாதங்களைச் சுற்றி விரலாலேயே மண்ணைப் பறித்தாள். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. மாமியார் அதைப் பார்த்தாள். எழுந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

மரம் சாய்ந்தது. களைப்பில் மருமகள் மண்ணை மொத்தமாய்க் குழிக்குள் தள்ளினாள்.

"அடியே, குப்பையா கொட்டறே? ஒரு சாண் போடு, தண்ணி தெளி, இடி. அப்புறம் அடுத்தது. அவரு ஒரு எலி வளைக்கே அரை நாள் இடிப்பாரு."

"பேச மாட்டேன்னீங்க?"

"உங்கிட்ட யாருடி பேசினா? கரைகிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன்." குடத்தைச் சாய்த்துக் குழியில் தெளித்தாள்.

தையற்காரருக்குப் பொறுக்கவில்லை. "அடுத்த மழைக்கு இன்னொண்ணு நடுவோம், பாத்துக்கோ!"

மருமகள் இடிகட்டையை ஓங்கினாள். "தாராளமா நடுங்கண்ணே. இளங்கன்னா பாத்து நடுங்க, புடுங்கச் சுலபமா இருக்கும்."