நூல் வைத்து அளந்த பாரிசு

முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவந்த அம்மாவுக்குக் காது மடல் கிழிந்திருக்கும். கையைத் துடைத்து, முகர்ந்து பார்த்த பிறகே என் குழந்தையைத் தொடுவார்.

ஒருநாள் தந்தியோடு வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த மகன் பாரிசில் விமானம் ஏறுகிறானாம்.

"படிச்ச பொண்ணு நீ, சொல்லும்மா. எப்ப வந்து சேருவான்?"

அட்லசில் நூல் வைத்து அளந்தேன். விமான வேகத்தால் வகுத்து, "நாளைக்குச் சாயங்காலம்" என்றேன். அது வழியில் இறங்கி இறங்கி வரும் என்பது தோன்றவே இல்லை.

நான் சொன்ன நேரத்துக்கு மகன் வராததால், விமானம் விழுந்துவிட்டதென்று இரண்டு நாள் பஸ் ஸ்டாண்டில் அழுதாராம். அதன்பிறகே மகன் வந்தான்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"உன் கணக்கு தப்பாவுமா? பிளேன்காரன்தான் அங்கங்க நின்னுட்டு வந்துருக்கான்" என்றார்.

நானும் ஆமென்று தலையாட்டிவிட்டேன். அவர் நம்பித்தான் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, இன்றும் தெரியவில்லை.