பதின்மூன்று நிமிடம் எனக்கு, மூன்று நிமிடம் செல்வராசாவுக்கு

1. வேட்டியில் ஓடிய படம்

எழுபதுகளின் நடுப்பகுதி. மானிப்பாயில் ஸ்ரூடியோ வைத்திருந்த ஜெயம் அண்ணை ஒரு குறும்படம் எடுத்து முடித்துவிட்டு, அதற்கு இசை போட என்னைக் கூப்பிட்டார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் சங்கீத ஆசிரியர். கோயில் திருவிழாக்களில் வாசிக்கும் இசைக்குழு ஒன்றும் என் கையில் இருந்தது. ஆர்மோனியம் என் வாத்தியம். எங்கள் பக்கத்தில் படத்துக்கு இசை போட்டவர் என்று அதுவரை எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. முதல் ஆள் நான்தான் என்ற நினைப்பில் கால் நிலத்தில் படாமல் போனேன். சைக்கிளில் போனதால் எப்படியும் பட்டிருக்காது.

ஜெயம் அண்ணை சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிப் படத்தை ஓட்டிக் காட்டினார். பதினாறு நிமிடம். பேச்சு இல்லை. புத்தூர்த் தோட்டக்காரர் ஒருவர் வெங்காயம் கிண்டி, காயவிட்டு, பிடி கட்டி, மாட்டு வண்டியில் சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோகிறார். விலை விழுந்துவிட்டது. ஒருவரும் வாங்கவில்லை. ஏற்றிப் போனதை அப்படியே திருப்பி ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். கதை அவ்வளவுதான். நடித்தவர் சின்னத்துரை அண்ணை என்ற தோட்டக்காரர். முந்திய வருடம் அவருக்கே நடந்ததுதான் அந்தக் கதை.

படம் முடிந்ததும் ஜெயம் அண்ணை தலையைச் சொறிந்தார்.

“மாஸ்டர், ஒரு விசயம் கதைக்கவேணும். கடைசி மூண்டு நிமிசம், மனுசன் திரும்பி வாற கட்டம், அதுக்குச் செல்வராசாவைக் கேட்டிருக்கிறன். அதுக்கு வயலின்தான் சரி. நீங்கள் ஒண்டும் நினைக்கக்கூடாது.”

“நான் என்னத்தை நினைக்க? நல்ல பெடியன்” என்றேன்.

சொன்னது பொய். செல்வராசா ஆறு வருடம் என் குழுவில் வயலின் வாசித்தவன். பிறகு பிரிந்துபோய்த் தனிக் குழு தொடங்கினான். வருடா வருடம் என்னைக் கூப்பிட்ட மூன்று கோயில்கள் அவனைக் கூப்பிடத் தொடங்கின. வழியில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி மரியாதையாகக் கதைப்பான். அந்த மரியாதை எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இப்போது படத்தின் எழுத்தோட்டத்தில் ‘இசை’ என்ற சொல்லுக்குக் கீழே என் பெயரோடு அவன் பெயரும் வரப்போகிறது. என் பெயர் தனியாக நிற்கவேண்டும். வேறெதுவும் அன்றைக்கு எனக்குத் தேவைப்படவில்லை.

2. சாக்குத் தொங்கிய அறை

வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன், இளம் ஆட்களுக்குப் பயன்படலாம். விளையாட்டு மாஸ்டரிடம் ஸ்ரொப் வோச் இரவல் வாங்கி, ஒவ்வொரு காட்சியும் எத்தனை செக்கன் என்று குறித்தேன். அதற்கு அளவாகச் சுரம் எழுதினேன். எதிரொலி வராமல் இருக்க ஸ்ரூடியோவின் பின்னறை முழுக்கச் சாக்குத் தொங்கவிட்டோம். மைக் ஒன்றுதான். ஆர்மோனியம் மைக்குக்குக் கிட்ட, புல்லாங்குழல் இரண்டு அடி தள்ளி, தவில் கதவுக்கு வெளியே. எல்லா வீட்டிலும் லைற் போடுகிற நேரம் கரண்ட் இறங்கி ரேப் ரெக்கோடர் மெதுவாகச் சுற்றும், சுருதி வழுக்கிவிடும். அதனால் மத்தியானத்தில்தான் பதிந்தோம். மத்தியானத்தில் காகம் கத்தும். அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. தோட்டக் காட்சியில் கேட்கும் காகம் ஒன்று நாங்கள் கேளாமல் வந்து வாசித்ததுதான்.

செல்வராசா தன் பகுதியை எனக்கு முந்திய கிழமை பதிந்துவிட்டுப் போயிருந்தான். சுருதி பொருந்த வேண்டுமே என்று சாட்டுச் சொல்லி அந்த ரேப்பைப் போடச் சொன்னேன். ஜெயம் அண்ணை நம்பிப் போட்டார்.

வயலின் ஒன்று மட்டும். வண்டி மாடு நடக்கிற வேகம். பெரிய ராகவிரிவு எதுவும் இல்லை. ஒரு சுரத்தைத் தொடுவான், விடுவான், திரும்ப அதே சுரத்துக்கு வருவான். இது எனக்கு ஏன் வரவில்லை என்று யோசித்தேன். எனக்குக் கீழே இருந்தவனுக்கு எப்படி வந்தது?

“எப்பிடி மாஸ்டர்?” என்று ஜெயம் அண்ணை கேட்டார்.

“பரவாயில்லை” என்றேன்.

3. சந்தைக் காட்சி

திருவிழாக்களில், செலவை ஏற்கும் உபயகாரர்கள் இரண்டு குழுக்களை எதிரெதிராக இருத்தி, மாறி மாறி வாசிக்கவிடுவார்கள். சனம் எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தக் குழுவுக்குத்தான் பெயர். அங்கே நாங்கள் எல்லோரும் பழகிய ஒரு வித்தை உண்டு. எதிராளி ஒரு கட்டைச் சுருதியில் வாசிப்பான் என்று தெரிந்தால், அவனுக்கு முன் நீ இரண்டு கட்டைக்கு ஏற்றிவிடு. உன் முடிவைத் தீர்மானம் என்கிற தவில் முடிப்பில் நிறுத்து. ஒரே தாளக் கோர்வை மூன்று தரம் அடித்து விழும்போது எவருடைய கையும் தன்பாட்டில் தட்டும். அந்தத் தட்டலுக்குள் எதிராளியின் தொடக்கம் அமிழ்ந்துபோகும். சத்தம் அடங்கும்போது, ஏறிய சுருதிக்குப் பழகிய காதில் அவன் வாசிப்புச் சோர்ந்து ஒலிக்கும்.

செல்வராசாவின் மூன்று நிமிடத்துக்குச் சரியாக முன்னால் வருவது சந்தைக் காட்சி. அது என்னுடையது. நான் அதைத்தான் செய்தேன்.

சந்தைக் காட்சியின் முதற் பாதி சன நெரிசல். பிறகு ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைகிறார்கள். கடைசியில் சின்னத்துரை அண்ணை வண்டிக்குப் பக்கத்தில் தனியே நிற்கிறார். தீர்மானத்தின் கடைசி அடி அந்த இடத்தில் விழும்படி செக்கன் பிசகாமல் எண்ணி வைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் வேறு எதையும் செய்ததில்லை.

ஜெயம் அண்ணைக்குக் கொஞ்சம் சந்தேகம். “மனுசன் தனிய நிக்கிறார். அதிலை உவ்வளவு அடி வேணுமே, மாஸ்டர்?”

“சந்தை எண்டால் இரைச்சல்தானே அண்ணை? நீங்கள் பாருங்கோவன்” என்றேன்.

4. வாசிகசாலையில்

முதற் காட்சியைப் புத்தூரில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில் வைத்தோம். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், யன்னலுக்கெல்லாம் சாக்குக் கட்டி. படத்தில் ஒலி இல்லை. புரொஜெக்ரரையும் ரேப்பையும் ஒரே நேரத்தில் தட்டிவிட வேண்டும். அன்றைக்கு ஒரு செக்கனும் பிசகவில்லை.

சந்தைக் காட்சி வந்தது. தவில் ஏறியது. தீர்மானத்தின் மூன்றாம் சுற்று விழுந்ததும் மண்டபம் முழுக்கக் கை தட்டியது. விசிலும் அடித்தார்கள். செல்வராசாவின் வயலின் தொடங்கியது எனக்கே கேட்கவில்லை. உச்சி குளிர்ந்துபோனேன்.

படம் முடிந்து வெளியே வந்தபோது செல்வராசா வாசலில் நின்றான்.

“தீர்மானம் நல்லா விழுந்தது, அண்ணை” என்றான். பிறகு, “ஆறு வருசம் உங்களோடை வாசிச்சனான். எனக்கு விளங்காதே?” என்றுவிட்டுச் சைக்கிளை எடுத்தான். போடா என்று மனதுக்குள் சொன்னேன். வெட்கம்கூட வரவில்லை.

அடுத்தாற்போல் சின்னத்துரை அண்ணை வந்தார். தோய்த்த வேட்டி, நெற்றியில் விபூதி, தோளில் சால்வை. என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

“மாஸ்டர், குறை நினைக்கக்கூடாது. எனக்கு ஒண்டு விளங்கேல்லை. அதிலை சனம் ஏன் கை தட்டினது?”

“எதிலை அண்ணை?”

“வெங்காயம் போகாமல் நான் நிக்கிற இடத்திலை.”

“உங்கடை நடிப்புக்குத்தான் அண்ணை, அவ்வளவு நல்லா நடிச்சிருந்தனீங்கள்” என்றேன்.

“நான் எங்கை நடிச்சனான்? அண்டைக்கு நிண்ட மாதிரித்தான் நிண்டனான்” என்றார். “எல்லாம் எங்கடை ஊர்ச் சனம், மாஸ்டர். அதுதான் கேட்டனான்.”

செல்வராசாவைத் தோற்கடிக்கத்தான் அந்தத் தவில் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

5. திருத்தம்

அடுத்த கிழமை சந்தைக் காட்சியைத் திரும்பப் பதிந்தோம். தவிலை எடுத்துவிட்டேன். சனம் கலையத் தொடங்கும் இடத்திலிருந்து ஆர்மோனியம் ஒரு கட்டையில் சுருதி மட்டும் பிடிக்க, அதன்மேல் செல்வராசா அங்கேயே தொடங்கினான். அவனை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டது நான்தான். வாசல்வரை போய் இரண்டு தரம் திரும்பினேன், அதையும் சொல்லிவிட வேண்டும். பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை. மைக்குக்கு முன் அவன் வில்லை வைத்ததும் அதே எரிச்சல் அப்படியே எழும்பியது. அதை வைத்துக்கொண்டே சுருதி பிடித்தேன்.

இசை போட வருகிற தம்பி, தங்கச்சிமாருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உங்களுக்கு முன்னும் பின்னும் யார் வாசிக்கிறார் என்று பார்த்து எழுதாதீர்கள். அந்தக் காட்சியில் நிற்கும் மனிதருக்கு என்ன நடக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

இரண்டாம் முறை மானிப்பாயில் காட்டினோம். அந்த இடத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. ஒரு இருமல்கூட இல்லை. சின்னத்துரை அண்ணையைக் கூட்டிவர நானே புத்தூருக்குப் போயிருந்தேன். தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். திருத்திவிட்டோம், இந்த முறை அப்படி இராது, கட்டாயம் வரவேண்டும் என்று கெஞ்சினேன்.

அவர் மண்வெட்டியை நிறுத்தாமல், “ஒருக்கால் பாத்தது போதும், மாஸ்டர்” என்றார்.